அலை ஒரு வழி, துகள் ஒரு வழி: கயிறு முதல் நிலநடுக்கம் வரை துகளின் பாதையைக் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

காற்றடிக்கும் நேரத்தில் நெல் வயலைப் பார்த்தால் வரப்பின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஒரு பள்ளம் ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் எந்தப் பயிரும் வேர்விட்ட இடத்தை விட்டு நகர்வதில்லை. ஓடுவது வடிவம்; ஆடுவது பயிர். இயந்திர அலைகள் அத்தனைக்கும் இது பொருந்தும்.

பாடப்புத்தகம் இதை இரண்டு பெட்டிகளில் அடைத்துவிடுகிறது. துகள் குறுக்கே ஆடினால் குறுக்கலை, நெடுக்கே ஆடினால் நெட்டலை. கடல் அலை இந்த இரண்டு பெட்டிகளிலும் அடங்காது. நிலநடுக்கத்தில் தரையின் மேற்பரப்பை ஒட்டி ஓடும் ரேலே அலையும் அடங்காது. அந்த இரண்டிலும் துகள் வளையமாகத்தான் சுற்றுகிறது, ஆனால் நேரெதிர்த் திசைகளில். எனவே எந்த அலையைப் பார்த்தாலும் ஒரே ஒரு துகளை எடுத்துக்கொண்டு மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்தத் திசையில் நகர்கிறது? எவ்வளவு தூரம் நகர்கிறது? முகடு வரும் அந்தக் கணத்தில் அது எங்கே, எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது? மூன்றாவது கேள்வி கட்டம் பற்றியது, அதாவது ஒரு முழு ஆட்டத்தில் துகள் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பது. தேர்விலும் ஆய்வகத்திலும் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை அதைக் கேட்காமல் விடுவதால் வருகின்றன.

தொடங்கும் முன் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். இங்கே ‘துகள்’ என்பது மூலக்கூறு இல்லை. அறை வெப்பநிலையில் காற்றின் மூலக்கூறுகள் வினாடிக்கு ஏறக்குறைய 500 மீட்டர் வேகத்தில் தாறுமாறாக மோதிக்கொண்டுதான் இருக்கும், ஒலி இருந்தாலும் இல்லாவிட்டாலும். அலையில் ‘துகள்’ என்றால் கோடிக்கணக்கான மூலக்கூறுகள் அடங்கிய, ஆனால் அலைநீளத்தோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய ஒரு கவளம். அந்தக் கவளத்தின் சராசரி நகர்வைத்தான் தேடுகிறோம். ஒளிக்கும் வானொலிக்கும் அப்படி ஒரு கவளமே தேவையில்லை. அங்கே ஆடுவது மின்புலமும் காந்தப்புலமும். அவை இந்த வழிகாட்டியில் இல்லை.

கயிறு: எளிது என்று நினைத்து ஏமாறும் இடம்

தேவையானவை: 8 மீட்டர் பருத்திக் கயிறு (துணி காயப்போடும் தடிமனான கயிறு போதும்), ஒரு சுருள்வில் தராசு, சிவப்பு ரிப்பன், வழுவழுப்பான டைல்ஸ் தரை, மெதுவான வேகத்தில் படமெடுக்கும் வசதியுள்ள கைபேசி.

1. கயிற்றை எடை போடுங்கள். 8 மீட்டருக்கு 400 கிராம் என்றால் மீட்டருக்கு 0.05 கிலோகிராம்.

2. கயிற்றைத் தரையில் கிடத்துங்கள். அந்தரத்தில் பிடித்தால் இந்த எடையுள்ள கயிறு, 5 நியூட்டன் இழுவிசையில், நடுவில் முக்கால் மீட்டருக்கு மேல் தொங்கிவிடும். தொங்கும் கயிற்றில் அளந்த எதையும் நம்ப முடியாது.

3. ஒரு முனையை மேசைக்காலில் கட்டி, மறுமுனையைத் தராசு வழியாக 5 நியூட்டன் (தராசில் அரை கிலோ) வரும்படி இழுங்கள். நடுவில் ரிப்பனைக் கட்டி, அது நிற்கும் இடத்தில் தரையில் சாக்பீஸ் கோடு போடுங்கள்.

4. கையைப் பக்கவாட்டில் 10 செ.மீ. வீச்சில் (நடுவிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 10 செ.மீ.), வினாடிக்கு இரண்டரை முறை ஆட்டுங்கள். மெட்ரோனோம் (தாளம் தட்டும்) செயலியில் நிமிடத்துக்கு 150 வைத்துக்கொண்டால் கை தடுமாறாது.

அலை வேகம் = வர்க்கமூலம் (இழுவிசை ÷ ஒரு மீட்டர் கயிற்றின் நிறை). நம் கயிற்றில் 5 ÷ 0.05 = 100; வர்க்கமூலம் 10. அலை வினாடிக்கு 10 மீட்டர் ஓடுகிறது. அலைநீளம் 4 மீட்டர். ரிப்பனின் அதிகபட்ச வேகம் = 6.28 × அதிர்வெண் × வீச்சு = 6.28 × 2.5 × 0.1, அதாவது வினாடிக்கு 1.57 மீட்டர். இரண்டும் வேறு வேறு எண்கள், வேறு வேறு காரணங்களால் வருபவை. இழுவிசையை நான்கு மடங்கு கூட்டினால் அலை 20 மீட்டர் வேகத்தில் ஓடும்; கை அதேபோல் ஆடினால் ரிப்பனின் வேகம் 1.57-ஐ விட்டு அசையாது. உராய்வால் வீச்சு போகப்போகக் குறையும் என்பதால் ரிப்பனின் வீச்சை அது இருக்கும் இடத்திலேயே அளங்கள். கையின் வீச்சை அப்படியே எடுக்க வேண்டாம்.

காணொளியை வினாடிக்கு 240 சட்டங்களில் (ஃபிரேம்களில்) எடுங்கள். 30 சட்டங்களில் எடுத்தால் ஒரு சட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் அலை 33 செ.மீ. தாவிவிடும், 240-இல் அது 4 செ.மீ. மட்டுமே. மேசைக்காலில் பட்டுத் திரும்பும் அலை 0.8 வினாடி கழித்துப் புறப்பட்டு, 1.2-ஆவது வினாடியில் நடுவில் உள்ள ரிப்பனைத் தொட்டுவிடும். அதற்குள் கிடைப்பதுதான் சுத்தமான பதிவு.

இப்போது மூன்றாவது கேள்வி. அலை வலப்பக்கம் ஓடுகிறது. படத்தில் ஒரு கணம் உறைந்து நிற்கிறது. முகட்டுக்கு வலப்பக்கச் சரிவில் இருக்கும் துகள் மேலே போகிறதா, கீழே போகிறதா? சரிவைப் பார்த்ததும் ‘இறக்கம், ஆகவே கீழே’ என்று எழுதிவிடுவார்கள். தவறு. முகடு அந்தத் துகளை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. துகள் மேலே ஏறித்தான் ஆகவேண்டும். விதி இது: துகளின் வேகம் = எதிர்க்குறி × அலை வேகம் × அந்த இடத்தில் கயிற்றின் சரிவு. விதி மறந்துபோனால் உறைந்த வடிவத்தை அலை போகும் பக்கம் ஒரு சென்டிமீட்டர் நகர்த்தி, புள்ளிக்கோட்டால் மறுபடி வரையுங்கள். பழைய கோட்டிலிருந்து புதிய கோட்டுக்குச் செங்குத்தாக ஓர் அம்புக்குறி. அதுதான் துகளின் திசை.

இடப்பெயர்ச்சி–தூர வரைபடத்தையும் இடப்பெயர்ச்சி–நேர வரைபடத்தையும் குழப்பிக்கொள்வது இன்னொரு பழைய நோய். இரண்டும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். முதலாவது எல்லாத் துகள்களையும் ஒரே கணத்தில் காட்டும் புகைப்படம். இரண்டாவது ஒரே துகளின் வாழ்க்கை வரலாறு. கிடை அச்சில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் எந்த விடையும் எழுத வேண்டாம்.

கையை ஆட்டுவதற்குப் பதில் வட்டமாகச் சுழற்றினால் கயிற்றின் ஒவ்வொரு துகளும் வட்டமாகச் சுற்றும். (இதை மட்டும் அந்தரத்தில் செய்ய வேண்டும்.) அப்போதும் அது குறுக்கலைதான்; வட்டத்தின் தளம் அலை போகும் திசைக்குச் செங்குத்து. கடல் அலையின் வட்டம் அப்படியல்ல. அதைத் தொட்டியில் பார்ப்போம்.

ஸ்லிங்கி: நெருக்கத்தின் நடுவில் இடப்பெயர்ச்சி சுழி

உலோக ஸ்லிங்கி வாங்குங்கள். தரையில் 3 மீட்டருக்கு இழுத்து வையுங்கள். அதற்கு மேல் இழுத்தால் சில சுருள்கள் நிரந்தரமாக விரிந்துபோய், அலை அந்த இடத்தில் பாதி திரும்பி வரும். பத்து சுருளுக்கு ஒன்று என்று நிற நூல் கட்டி, ஒவ்வொரு நூலுக்கும் நேர்கீழே தரையில் கோடு போடுங்கள். இந்தக் கோடுகள் இல்லாமல் செய்யும் ஸ்லிங்கி சோதனை வேடிக்கைக்குத்தான் ஆகும்.

முதலில் கையை 10 செ.மீ. முன்னே தள்ளி அங்கேயே நிறுத்துங்கள். ஒரு நெருக்கம் ஓடும். அது கடந்துபோன பிறகு நூல்கள் பழைய கோட்டுக்குத் திரும்பவில்லை என்பதைப் பாருங்கள். ஏறக்குறைய அதே அளவு முன்னே தள்ளி நிற்கின்றன. அடுத்து, கையைத் தள்ளி உடனே இழுங்கள். நெருக்கம் ஒன்று, அதன் பின்னால் தளர்ச்சி ஒன்று. இப்போது நூல்கள் பழைய கோட்டுக்கே வந்துவிடும். ‘அலை கடந்தபின் துகள் பழைய இடத்துக்கு வரும்’ என்ற வாக்கியம் அலையை உண்டாக்கிய கை பழைய இடத்துக்கு வந்தால் மட்டுமே உண்மை.

தொடர்ந்து முன்னும் பின்னும் ஆட்டிப் படமெடுத்து, ஒரு சட்டத்தில் நிறுத்துங்கள். நெருக்கத்தின் நடுவில் உள்ள நூல் தன் கோட்டின் மேலேயே இருக்கும். அதன் இடப்பக்க நூல்கள் வலப்பக்கமாக வந்திருக்கின்றன, வலப்பக்க நூல்கள் இடப்பக்கமாக வந்திருக்கின்றன. அதனால்தான் நடுவில் நெருக்கம். அதாவது நெருக்கம் மிகுந்த இடத்தில் இடப்பெயர்ச்சி சுழி (பூஜ்யம்). ஆனால் அந்த நூல் சும்மா நிற்கவில்லை. அலை போகும் திசையிலேயே முழு வேகத்தில் கோட்டைத் தாண்டிக்கொண்டிருக்கிறது. தளர்ச்சியின் நடுவில் இருக்கும் நூலும் கோட்டின் மேல்தான், ஆனால் எதிர்த்திசையில் முழு வேகம். தன் கோட்டிலிருந்து அதிகம் விலகிய நூலின் சுற்றுப்புறத்தில் சுருள்களின் இடைவெளி வழக்கம்போல் இருக்கும். நெருக்கமும் இல்லை, தளர்ச்சியும் இல்லை. இந்த மூன்று வரிகளைப் பிடித்துக்கொண்டால் ஒலியில் அழுத்த வரைபடத்துக்கும் இடப்பெயர்ச்சி வரைபடத்துக்கும் ஏன் கால் அலைநீள வித்தியாசம் என்ற கேள்வியே எழாது.

ஒலி: கண்ணுக்குத் தெரியாத அளவு என்றால் எவ்வளவு?

மைக்ரோபோனைச் சரிபார்க்கும் கருவி 1,000 ஹெர்ட்ஸில் 94 டெசிபெல் தரும். அது 1 பாஸ்கல் அழுத்தம். காற்றில் துகளின் வேகம் கிடைக்க அழுத்தத்தை 413-ஆல் வகுக்க வேண்டும் (20 டிகிரி வெப்பத்தில் காற்றின் அடர்த்தி 1.2, ஒலியின் வேகம் 343, பெருக்கினால் இந்த எண்ணுக்குப் பக்கத்தில் வரும்). விடை வினாடிக்கு 2.4 மில்லிமீட்டர். ஒலி 343 மீட்டர் ஓடும் அந்த ஒரு வினாடியில் காற்றின் கவளம் எறும்பைவிட மெதுவாக ஊசலாடிக்கொண்டிருக்கிறது. எவ்வளவு தூரம்? வேகத்தை 6.28 × அதிர்வெண்ணால் வகுங்கள்: 0.4 மைக்ரோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. காது கேட்கும் எல்லையான 0 டெசிபெலில் இது ஒரு மீட்டரின் லட்சம் கோடியில் 8 பங்கு, அதாவது ஓர் அணுவின் குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை.

அதே 94 டெசிபெல் 100 ஹெர்ட்ஸில் வந்தால் நகர்வு பத்து மடங்கு. தாழ்ந்த ஒலிக்கு ஸ்பீக்கரின் கூம்பு கண்ணுக்குத் தெரியும்படி அசைவதும், கீச்சொலிக்கு அசைவே தெரியாததும் இதனால்தான். மெழுகுவத்திச் சுடரை வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) முன்னால் வைத்து 20–30 ஹெர்ட்ஸ் ஒலியை விட்டால் சுடர் முன்னும் பின்னும் ஆடும். கூம்புக்கு நேர் முன்னால் வையுங்கள். பெட்டியில் காற்றுப் போக வைத்திருக்கும் துளைக்கு முன்னால் வைத்தால் அங்கிருந்து வரும் ஊதல் சுடரை ஒரே பக்கமாகச் சாய்க்கும். அது காற்று வீசுவது, அலை இல்லை. சுடர் இருபக்கமும் சமமாக ஆடாவிட்டால் சோதனை கெட்டது என்று பொருள்.

குழாய்க்குள் ஒலி எதிரொலித்து, முன்னேறாமல் நின்ற இடத்திலேயே ஆடும் நிலை அலையானால் கட்டம் மாறிவிடும். முன்னேறும் அலையில் அழுத்தம் மிகுந்த இடத்தில்தான் துகளுக்கு முழு வேகம். நிலை அலையில் அழுத்தம் மிகுதியாக ஏறி இறங்கும் இடத்தில் துகள் அசைவதே இல்லை. ஜெர்மன் இயற்பியலாளர் ஆகஸ்ட் குண்ட் 1866-இல் குழாய்க்குள் நுண்பொடியைத் தூவிக் காட்டியது இதைத்தான். ஒரு மீட்டர் நீள ஒளிபுகும் குழாயின் ஒரு முனையை அடைத்து, உள்ளே தெர்மகோல் குருணையைத் தூவி, 1,000 ஹெர்ட்ஸ் ஒலி கொடுத்தால் 17 செ.மீ. இடைவெளியில் பொடி ஒதுங்கும். ஒதுங்காவிட்டால் அதிர்வெண்ணைச் சில ஹெர்ட்ஸ் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். ஒத்ததிர்வு பிடிக்கும் இடத்தில் குருணை துள்ளும். தெர்மகோலுக்கு நிலைமின் தொல்லை உண்டு. குழாயின் உட்புறத்தை லேசாக ஈரத்துணியால் துடைத்து உலர்த்திவிட்டுத் தூவினால் சுவரில் ஒட்டாது.

நீர்த்தொட்டி: வட்டத்தைக் கண்ணால் பார்க்க

இதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். 90 செ.மீ. நீளமுள்ள கண்ணாடி மீன்தொட்டி, 20 செ.மீ. ஆழத்துக்கு நீர், தொட்டியின் அகலத்துக்குச் சரியாக வெட்டிய ஒரு பலகை, ஒரு பெரிய குளியல் ஸ்பாஞ்ச், பின்னால் தொங்கவிடக் கறுப்புத் துணி, பக்கவாட்டில் ஒரு விளக்கு.

துகளுக்கு என்ன போடுவது? மிளகுத்தூள் மேற்பரப்பில் மட்டும் மிதக்கும்; மணல் மூழ்கிவிடும். நீரின் நடுவில் தொங்க வேண்டும். சப்ஜா விதையை அரை மணி நேரம் ஊறவையுங்கள். சுற்றிலும் கொழகொழவென்று நீர் கோத்துக்கொள்வதால் அதன் அடர்த்தி நீருக்கு மிக அருகில் வந்துவிடும். நடுவில் உள்ள கருப்புப் புள்ளி குறி பார்க்க வசதி. அப்போதும் மெல்ல மூழ்கும். ஒரு டம்ளர் நீரில் உப்பைச் சிட்டிகை சிட்டிகையாகக் கரைத்து, விதை எந்த அளவில் நிற்கிறது என்று பார்த்துவிட்டு அதே விகிதத்தில் தொட்டியில் கரையுங்கள். கறுப்புத் துணியின் முன்னால் விதை தெரியாவிட்டால் வெள்ளைத் தாளுக்கு மாறுங்கள். உப்பு கரைந்ததும் பத்து நிமிடம் தொட்டியைத் தொடாதீர்கள். கலக்கியதால் உண்டான நீரோட்டம் அடங்கட்டும்.

அலைநீளம் 30 செ.மீ. வேண்டும். நீரின் ஆழம் அதில் பாதிக்கு மேல் இருப்பதால் இது ‘ஆழ்நீர்’. அலைநேரம் (ஒரு முழு ஆட்டத்துக்கு ஆகும் நேரம்) = வர்க்கமூலம் (6.28 × அலைநீளம் ÷ 9.8) = 0.44 வினாடி. மெட்ரோனோமில் 137. பலகையை அந்தத் தாளத்தில் முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டுங்கள். முகட்டிலிருந்து அகடு (அலையின் பள்ளம்) வரை 1 செ.மீ. உயரம் வந்தால் போதும். எதிர்முனையில் ஸ்பாஞ்சைச் சாய்வாக வையுங்கள்.

கைபேசியை ஒன்றரை மீட்டர் தள்ளி, லென்ஸ் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி நிறுத்துங்கள். மேலிருந்து சாய்வாக எடுத்தால் வட்டம் நீள்வட்டமாகத் தெரியும். பின்னால் தப்பு எங்கே என்று தேடி அலைய வேண்டியிருக்கும். தொட்டியின் நடுவில் உள்ள விதைகளைப் பாருங்கள். ஆழ்நீரில் முகடுகள் வினாடிக்கு 68 செ.மீ. ஓடினாலும் அலைக்கூட்டத்தின் முன்னணி அதில் பாதி வேகத்தில்தான் நகரும். ஆகவே கூட்டம் நடுவை எட்ட 1.3 வினாடி ஆகும். ஸ்பாஞ்சில் பட்டது போக மிச்சம் திரும்பி வர ஏறக்குறைய 3.9 வினாடி ஆகும். இடையில் உள்ள இரண்டு வினாடிகளைத்தான் ஆராய வேண்டும். காணொளியை டிராக்கர் என்னும் இலவச மென்பொருளில் திறந்து ஒரு விதையைச் சட்டத்துக்குச் சட்டம் சொடுக்கினால், 30 சட்டப் பதிவில் ஒரு சுற்றுக்கு 13 புள்ளிகள் கிடைக்கும். மென்பொருள் இல்லாவிட்டாலும் திரைமேல் ஒளிபுகும் தாளை ஒட்டிப் பேனாவால் புள்ளி வைக்கலாம்.

என்ன தெரியும்? அலை வலப்பக்கம் ஓடினால் விதை கடிகாரம் சுற்றும் திசையில் வட்டமடிக்கும். முகட்டில் இருக்கும்போது அலையோடு முன்னே போகும். அகட்டில் இருக்கும்போது பின்னே வரும். மேற்பரப்பில் ஆரம் 5 மி.மீ. என்றால், 5 செ.மீ. ஆழத்தில் 1.8 மி.மீ., 10 செ.மீ. ஆழத்தில் 0.6 மி.மீ. அலைநீளத்தின் ஒன்பதில் ஒரு பங்கு கீழே போகும்தோறும் ஆரம் பாதியாகும் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். பாதி அலைநீள ஆழத்தில் மேற்பரப்பில் உள்ளதில் 4 சதவீதம் மட்டுமே மிஞ்சும்.

எதிர்பார்த்தது வராவிட்டால்:

வட்டம் மூடிக்கொள்ளாமல் விரித்த சுருள்போல் முன்னே நகர்ந்தால் பயப்பட வேண்டாம், அது உண்மையான நிகழ்வு. துகள் மேலே இருக்கும்போது முன்னே போகிறது, கீழே இருக்கும்போது பின்னே வருகிறது. மேலே வேகம் சற்று அதிகம் என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் முன்னே மிஞ்சும். 1847-இல் இயற்பியலாளர் ஸ்டோக்ஸ் கணக்கிட்டது இது. நம் அளவுகளில் மேற்பரப்பில் சுற்றுக்கு 3.3 மி.மீ. அலை உயரத்தை இரட்டிப்பாக்கினால் இது நான்கு மடங்காகி 1.3 செ.மீ. ஆகிவிடும், வட்டமே அடையாளம் தெரியாது. அதனால்தான் 1 செ.மீ. உயரம் போதும் என்றோம். மூடிய வட்டம் வேண்டுமானால் 3–5 செ.மீ. ஆழத்தில் உள்ள விதையைப் பிடியுங்கள்.

விதைகள் வட்டமடிக்காமல் நேர்கோட்டில் ஆடினால், ஓரிடத்தில் மேலும் கீழும், ஏழரை செ.மீ. தள்ளிப் பக்கவாட்டில், இடையில் சாய்வாக என்று இருந்தால், எதிரொலித்த அலை சேர்ந்து நிலை அலையாகிவிட்டது. ஸ்பாஞ்சைப் பெரிதாக்குங்கள், சாய்வைக் குறையுங்கள்.

மேற்பரப்பில் மட்டும் குட்டி நெளிவுகள் வந்தால் பலகையின் ஓரம் கண்ணாடியில் உரசுகிறது. ஓரத்தில் பஞ்சுப் பட்டை ஒட்டுங்கள்.

இனி நீரை 3 செ.மீ. ஆழத்துக்குக் குறையுங்கள், அலைநீளம் அதே 30 செ.மீ. தாளம் இப்போது 102. தரை குறுக்கிடுவதால் விதையின் பாதை நசுங்கி நீள்வட்டமாகும். மேற்பரப்பில் அதன் உயரம் அகலத்தில் 56 சதவீதம். தரையை நெருங்க நெருங்க உயரம் சுருங்கும், அகலம் அதிகம் சுருங்காது. தரையை ஒட்டிய விதை முன்னும் பின்னும் மட்டுமே ஆடும். நீர் தரைக்குள் இறங்க முடியாது; வேறு வழியும் அதற்கு இல்லை.

கடலில் இதே கணக்கு

10 வினாடிக்கு ஒன்று என்று வரும் 2 மீட்டர் உயர அலையை எடுத்துக்கொள்வோம். ஆழ்கடலில் அதன் அலைநீளம் 156 மீட்டர், வேகம் வினாடிக்கு 15.6 மீட்டர். மேற்பரப்பு நீர் 1 மீட்டர் ஆர வட்டத்தில் வினாடிக்கு 63 செ.மீ. வேகத்தில் சுற்றுகிறது. 20 மீட்டர் கீழே இருக்கும் முக்குளிப்பவருக்கு ஆரம் 45 செ.மீ.; 78 மீட்டரில் 4 செ.மீ. மேலே மிதக்கும் பந்து சராசரியாக வினாடிக்கு 2.5 செ.மீ. மட்டும் முன்னே நகரும்.

கரையை நெருங்கும்போது அலையின் வேகம் குறைகிறது, உயரம் கூடுகிறது. முகட்டில் உள்ள துகளின் வேகம் அலையின் வேகத்தை எட்டிப்பிடிக்கும் கணத்தில் முகடு முன்னே கவிழ்கிறது. அலையின் உயரம் நீரின் ஆழத்தில் ஏறக்குறைய 0.8 பங்கு வரும்போது இது நடக்கும். அதுவரை வடிவத்தை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்த அலை, அங்கிருந்துதான் நீரையே கரைக்குக் கொண்டுவருகிறது. அலை உடையும் கோட்டுக்கு வெளியே நிற்கும் படகு ஆடிக்கொண்டே நிற்பதும், உள்ளே வந்துவிட்டால் கரைக்கு அடித்து வரப்படுவதும் இதனால்தான்.

சுனாமிக்கு 4 கி.மீ. ஆழமே ‘ஆழமற்ற நீர்’. அதன் அலைநீளம் நூறு கி.மீ.க்கு மேலும் இருக்கும். வேகம் = வர்க்கமூலம் (9.8 × 4000), வினாடிக்கு 198 மீட்டர், மணிக்கு 700 கி.மீ.க்கு மேல். 2004 டிசம்பர் 26 சுனாமியை நிலநடுக்கம் நிகழ்ந்து இரண்டு மணி நேரம் கழித்து ஜேசன்-1 செயற்கைக்கோள் நடுக்கடலில் அளந்தபோது உயரம் 60 செ.மீ. அளவில்தான் இருந்தது. கடல்மட்டம் அரை மீட்டர் உயர்ந்தால் துகளின் வேகம் என்ன? உயர்வு × வர்க்கமூலம் (9.8 ÷ ஆழம்) = வினாடிக்கு 2.5 செ.மீ. விமான வேகத்தில் ஓடும் அலைக்குள் நீர் நத்தைபோல் ஊர்கிறது. ஆனால் மேற்பரப்பு முதல் கடல்தரை வரை 4 கி.மீ. நீரும் சேர்ந்து ஊர்கிறது, 20 நிமிட அலைநேரத்தில் முன்னும் பின்னுமாக மொத்தம் 10 மீட்டர் தூரம். சாதாரணக் கடல் அலையில் ஆட்டம் மேல்தோலோடு நிற்கிறது. சுனாமியில் அடிவரை இருக்கிறது. கரையில் அழிவு செய்யும் ஆற்றல் அந்த ஆழத்திலிருந்து வருவது.

அகட்டில் துகள் பின்னே போகும் என்ற தொட்டிப் பாடம் இங்கேயும் செல்லும். தாய்லாந்துக் கரையை அன்று அகடு முதலில் தொட்டது, கடல் உள்வாங்கியது. தமிழகக் கரையை நோக்கிப் புறப்பட்டதில் முகடு முன்னே நின்றது. நீர் முதலில் ஏறியது. கடல் உள்வாங்கினால்தான் சுனாமி என்று காத்திருப்பது ஆபத்து.

நிலநடுக்கம்: மூன்று கோடுகளிலிருந்து ஒரு பாதை

நிலநடுக்கப் பதிவுக்கருவி ஒரே துகளின், அதாவது தன் காலடி மண்ணின், நகர்வை மேல்–கீழ், வடக்கு–தெற்கு, கிழக்கு–மேற்கு என மூன்று கோடுகளாக எழுதுகிறது. நான்கு வகை அலைகள் வரும். பி அலையில் துகள் நெடுக்கே ஆடும். எஸ் அலையில் குறுக்கே ஆடும். லவ் அலையில் தரைக்கு இணையாகக் குறுக்கே மட்டும். மேல்–கீழ் ஆட்டம் சுழி. ரேலே அலையில் செங்குத்துத் தளத்தில் நீள்வட்டம். பாறையில் பி வினாடிக்கு 6 கி.மீ. என்றால் எஸ் 3.5 கி.மீ.; அருகில் நிகழ்ந்த நடுக்கத்தில் இரண்டும் வந்த நேர இடைவெளியை (வினாடியில்) 8-ஆல் பெருக்கினால் தூரம் கி.மீ.யில் கிடைக்கும். நீர்மத்துக்குக் குறுக்கு விறைப்பு (பக்கவாட்டில் நழுவுவதை எதிர்க்கும் தன்மை) இல்லை என்பதால் எஸ் அதற்குள் போகாது. 1926-இல் புவி இயற்பியலாளர் ஜெஃப்ரிஸ் பூமியின் உள்ளகம் நீர்மம் என்று முடிவுகட்ட உதவிய தடயங்களில் இதுவும் ஒன்று.

ரேலே அலையின் பாதையை வரைய:

1. தொலைதூரத்தில் நிகழ்ந்த, ஆழம் குறைந்த, பெரிய நிலநடுக்கத்தின் மூன்று பதிவுகளையும் எடுங்கள். ஆழமான நடுக்கத்தில் மேற்பரப்பு அலை நலிந்திருக்கும்.

2. கருவியின் விளைவை நீக்கி, பதிவை இடப்பெயர்ச்சியாக மாற்றுங்கள். மூன்றையும் ஒரேபோல் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் திசைவேகமாக விட்டால் கட்டம் கால் சுற்று தவறி, நீள்வட்டம் கோடாகிவிடும்.

3. 20 முதல் 50 வினாடி அலைநேரங்களை மட்டும் வடிகட்டுங்கள்.

4. நடுக்க மையத்திலிருந்து நிலையத்தை நோக்கிய திசைக்கோணத்தை வடக்கிலிருந்து கடிகாரத் திசையில், நிலையம் இருக்கும் இடத்தில் அளந்து, பதிவைச் சுழற்றுங்கள். நெடுக்கு = வடக்கு × கோசைன் + கிழக்கு × சைன். குறுக்கு = கிழக்கு × கோசைன் − வடக்கு × சைன்.

5. கிடை அச்சில் நெடுக்கு (வலப்பக்கம் = நடுக்க மையத்திலிருந்து விலகிப் போவது), நிலை அச்சில் மேல்–கீழ். ஒரு முழு அலையின் புள்ளிகளை வரிசையாக இணையுங்கள்.

நீர்த்தொட்டியில் கடிகாரத் திசையில் போன துகள் இங்கே எதிர்த்திசையில் சுற்றும். மேலே இருக்கும்போது பின்னே, மையத்தை நோக்கிப் போகும். ரேலே பிரபு 1885-இல் கணிதத்தால் காட்டியபடியே, சீரான பாறையில் மேல்–கீழ் ஆட்டம் கிடை ஆட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு இருக்கும். பாதை கடிகாரத் திசையில் சுற்றினால் முதலில் குறிகளைச் சந்தேகியுங்கள்: மேலே என்பது நேர்க்குறிதானா, கோணம் 180 டிகிரி மாறி நிலையத்திலிருந்து மையத்துக்கு அளந்ததா? இரண்டில் ஒன்று தவறினாலும் சுற்று தலைகீழாகும். இரண்டும் தவறினால் ஒன்றையொன்று மறைத்துவிடும், அதுதான் கண்டுபிடிக்கக் கடினம். மேல்–கீழ்ப் பதிவில் ஒன்றுமே இல்லாமல் குறுக்குப் பதிவில் மட்டும் பெரிய அலை தெரிந்தால், முன்னே வந்த லவ் அலையை வெட்டி எடுத்திருக்கிறீர்கள். நேரச் சாளரத்தைப் பின்னுக்குத் தள்ளுங்கள்.

அலைநீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஆழத்தில் கிடை ஆட்டம் சுழியாகி, துகள் மேலும் கீழும் மட்டுமே ஆடும். 20 வினாடி அலைக்கு அந்த ஆழம் ஏறக்குறைய 13 கி.மீ. அதற்கும் கீழே சுற்றும் திசை மாறிவிடுகிறது. அங்கே பாறை, தொட்டியில் சப்ஜா விதை சுற்றிய அதே பக்கம் சுற்றுகிறது.